இன்னும் ஒன்பது மணி நேரம்

நெட்டையின் மனைவி கொண்டுவந்த ஹார்டு டிஸ்க்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே நாலு கேபிள் கிடந்தது. அதில் எது மட்டமானதோ அதைத் தேடி எடுத்தேன்.

போனுக்குச் சார்ஜ் போடுகிற மெல்லிசு வயர் அது. ஹார்டு டிஸ்க்கின் வாய் அகலமாக, நடுவில் தடுப்பு வைத்ததுபோல் இருக்கும். இந்த வயர் அதில் பாதிக்குள் மட்டும் நுழையும். நுழைந்தால் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் அடையாளம் காணும், எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும். ஆனால் ஃபைல்கள் போகிற வேகம் நொண்டும். மறுமுனையைப் பின்பக்கம் நீல நிறத்தில் இருக்கும் வேகமான துளையில் செருகாமல், முன்பக்கம் மவுஸுக்கான துளையில் செருகினேன். பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வேலையை வேகமாக முடிக்கத் தெரிந்தவனுக்கு இழுத்தடிக்கவும் தெரியும்.

திரையில் பச்சைக் கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் கீழே, இன்னும் ஒன்பது மணி நேரம் பத்து நிமிடம் என்று வந்தது.

“ஒம்போது மணி நேரமா?” என்றாள்.

“நிறைய இருக்குல்லம்மா. முப்பத்திரண்டு கேமரா.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை மணி பத்து. நானும் பார்த்தேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

எங்களுடையது பார்சல் கிடங்கு. வண்டியில் வருகிற பெட்டிகளை பெல்ட்டில் போட்டு ஊர் வாரியாகப் பிரிக்கிற இடம். கேமராக்களின் பதிவு முழுவதும் என் அறையில் இருக்கிற ஒரு பெட்டிக்குள் சேரும். அறை என்றால் ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் பெரிய திரை, அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் பதினைந்து நாள் பதிவு மட்டும் நிற்கும். அதற்கு மேல் புதியது வந்து பழையதை நிமிடத்துக்கு நிமிடம் அழித்துக்கொண்டே போகும். பதினைந்து நாளுக்கு முன்னால், பகல் இரண்டு நாற்பதுக்கு, பெல்ட்டில் பெட்டி பிரிக்கிற நெட்டை மேலிருந்து விழுந்து இறந்தான். அப்படியென்றால் இன்று இரண்டு நாற்பதுக்கு அந்த நிமிடம் அழியும். அவள் கையிலிருந்த விசாரணை அதிகாரியின் கடிதம் நேற்று மாலைதான் வந்திருந்தது. அன்றைய முழுநாள் பதிவையும், எல்லாக் கேமராவிலிருந்தும், இறந்தவரின் மனைவிக்குப் பிரதி எடுத்துத் தரவும் என்று அதில் இருந்தது.

மேனேஜர் தன் அறிக்கையில் எழுதியது வேறு. பெல்ட்டுக்கு மேலே இருக்கிற பதினொன்றாம் கேமராவின் பதிவை மட்டும் தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டு எல்லாரிடமும் காட்டினார். அதில் ஒரு கை வரும், கையில் துணி இருக்கும், துணி கண்ணாடியை மூடும், பிறகு எல்லாம் ஆடும், அதோடு சரி. சில மாதமாகச் சின்னப் பார்சல்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கேமராவை மறைக்க ஏறினான், கால் வழுக்கி விழுந்தான், திருடன் அவன்தான் என்று கை கூசாமல் எழுதி முடித்துவிட்டார்.

நெட்டை திருடவில்லை. கேமராவைத் துடைக்கத்தான் ஏறினான். துடைக்கச் சொன்னவன் நான்.

விதிப்படி செய்தால் கேமராவைத் துடைப்பது பெரிய கூத்து. பெல்ட்டை நிறுத்த வேண்டும், ஏணி கொண்டுவர வேண்டும், ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு நூலாம்படைக்கு இத்தனையும் யார் செய்வது? நெட்டைக்கு ஆறடிக்கு மேல் உயரம். பெல்ட்டின் ஓரச் சட்டத்தில் ஒரு காலை வைத்தால் கேமரா எட்டிவிடும். “என்ன கேமரா, மறுபடி சிலந்தி குடிவந்துடுச்சா?” என்பான். என்னை அவன் கேமரா என்றுதான் கூப்பிடுவான். இரண்டு வருடமாக இப்படித்தான் நடந்தது. நான் விரலை நீட்டுவேன், அவன் ஏறித் துடைப்பான். எங்கேயும் எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

இன்னொன்றுக்கும் தெரியும். எதிர்ச்சுவரில் இருக்கிற இருபத்தேழாம் கேமராவின் பார்வையில் பெல்ட் முழுவதும் விழும். அதை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. பதினைந்து நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிரதி எடுப்பது கேமரா எண் வரிசைப்படி போகும். ஒன்பது மணி நேரத்தில் பதினொன்றாம் கேமரா ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடும். இருபத்தேழின் முறை வருவதற்குள் சாயங்காலமாகிவிடும், அதில் அந்த நிமிடம் இருக்காது. வயரை எடுத்தபோதே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து கம்ப்யூட்டரின் முகப்பைப் பார்த்தாள்.

“அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இது சார்ஜ் போடற வயர்தானே?”

“இருந்தா என்னம்மா, வேலை செய்யுதுல்ல.”

“செய்யும், ஆனா இழுக்கும். நான் காப்பி எடுக்கற கடையிலதான் வேலை பாக்கறேன். கல்யாண வீடியோ, காலேஜ் புராஜெக்ட்னு தினம் நாலு பேர் இதோட வருவாங்க. இந்த வயரப் போட்டுட்டு, டிஸ்க் கெட்டுப்போச்சு, பணத்தத் திருப்பிக் குடுன்னு சண்டை போடுவாங்க.” பையைத் துழாவி, குட்டையாகத் தடியாக ஒரு கேபிளை எடுத்தாள். “இதப் போடுங்க. பின்னாடி நீல ஓட்டை இருக்கும், அதுல.”

என் முகத்தைப் பார்த்தேன், திரையின் கறுப்பு ஓரத்தில் தெரிந்தது. அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன், எனக்கு முன்கோபம் அதிகம். கடைக்கு வருகிற நாலு பேரில் ஒருவனாக என்னையும் நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நிறுத்திவிட்டு, வயரை மாற்றி, பின்பக்கம் செருகி, மறுபடி தொடங்கினேன். இன்னும் ஏழு மணி நேரம் என்று காட்டியது.

“பாத்தீங்களா!” என்றாள். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு விரல்விட்டு எண்ணினாள். “இருந்தாலும் பத்தாதே. ரெண்டு நாப்பதுக்கு அழிஞ்சிடும்னு அதிகாரி சொன்னாரு. அதுக்குள்ள அவரு விழுந்த அந்த அரை மணி நேரம் வந்தாப் போதும்ண்ணா. அத மொதல்ல எடுக்க முடியாதா?”

முடியும். இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

“லெட்டர்ல முழு நாள்னு போட்டிருக்கும்மா. வரிசையாத்தான் போகணும். நான் பிச்சுப் பிச்சு எடுத்தா, வெட்டி ஒட்டினதுன்னு நாளைக்கு யாராவது சொல்லிடுவாங்க.”

எவ்வளவு அக்கறையான பதில்! அவள் தலையாட்டினாள். எனக்கே ஒரு நிமிடம் நான் நல்லவன்போலத் தோன்றியது.

அவள் சும்மா இருக்கவில்லை. டிஸ்க்கைச் சுவரோரம் நகர்த்தி, சூடாகாமல் அடியில் இரண்டு பேனா மூடிகளை வைத்தாள். “ஃபைலெல்லாம் ஒவ்வொரு நிமிஷமாத் துண்டு துண்டா இருக்கு, அதான் இழுக்குது. வைரஸ் பாக்கறது ஒண்ணு ஓடுமே, அது ஒவ்வொண்ணாத் தொறந்து பாக்குமே?” என்று கேட்டாள். அதை நிறுத்த மேனேஜரின் அனுமதி வேண்டும் என்றேன். கேட்டுப் பாருங்களேன் என்றாள். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மேனேஜரே வந்தார். அவளைப் பார்த்ததும் குரலை மெதுவாக்கிக்கொண்டு சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“எவ்வளவு ஆகும்?”

“சாயங்காலம் ஆயிடும் சார்.”

“ஆகட்டும். மெஷின் மெதுவாப் போனா நாம என்ன பண்றது? யாரும் எதையும் மறைக்கல, தடுக்கல. லெட்டர் வந்துச்சு, உடனே வேலைய ஆரம்பிச்சோம்.” என் தோளில் கைவைத்தார். “நீங்க எதையும் தொடாதீங்க. அதுபாட்டுக்கு ஓடட்டும்.”

அவருக்கு இருபத்தேழைப் பற்றித் தெரியாது. என்னைப் பற்றியும் தெரியாது. கிடங்குக்குக் கெட்ட பேர் வரக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. ஆனால் நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னபோது, யாரோ என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியதுபோல் இருந்தது. உள்ளே போய் இடித்தபுளி மாதிரி உட்கார்ந்தேன்.

மணி ஒன்று, ஒன்றரை. பதினைந்தாம் கேமரா போய்க்கொண்டிருந்தது. பச்சைக் கோடு நகர்வதாகவே தெரியவில்லை. அவள் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்துவிட்டு மூடினாள். சின்னவளுக்கு ஏழு வயது, பெரியவளுக்குப் பன்னிரண்டு என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

“பெரியவ ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறா. பக்கத்துல உக்காரற பிள்ள பென்சில் பாக்ஸத் தூக்கி மடியில வெச்சுக்குச்சாம். காணாமப் போயிடும்னு.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ம் என்றேன்.

“எனக்கு ஒண்ணுதான்ண்ணா புரியல. அவரு கேமராவ மறைச்சாருன்னு சொல்றாங்க. எதுக்கு மறைக்கணும்? வீட்டுல ஒரு பென்சில் கூட வெளியில இருந்து வந்ததில்ல.” டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தாள். “ஆனா ஒண்ணு. ரெண்டு வருஷமா அவரு கைக்குட்டையில நூலாம்படை ஒட்டிட்டு வரும். தொவைக்கறப்ப கையில பிசுபிசுன்னு ஒட்டும். பார்சல் பிரிக்கற எடத்துல நூலாம்படை எங்கேர்ந்து வருதுன்னு திட்டுவேன். சிரிப்பாரு. அங்க ஒருத்தருக்குக் கண்ணு அடிக்கடி அழுக்காயிடும், நான்தான் தொடைச்சு விடறேன்னு சொல்வாரு. நான் யாரோ வயசானவங்களோன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்க. அது யாருண்ணா? அவங்களப் பாத்தாலாவது, அவரு எப்படிப்பட்டவர்னு ரெண்டு வார்த்தை சொல்வாங்க.”

எழுந்தேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வாசல்வரை போனேன். பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நெட்டை நின்ற இடத்தில் வேறு ஒருவன் நின்றான், குள்ளமானவன். பதினொன்றாம் கேமராவின் மேல் மறுபடி நூலாம்படை கட்டியிருந்தது. பதினைந்து நாளாக யாரும் துடைக்கவில்லை. மணி இரண்டு ஐந்து.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஓடிக்கொண்டிருந்த பிரதியை நிறுத்தினேன்.

“ஐயையோ, ஏன்ண்ணா?” என்று எழுந்தே விட்டாள்.

“உக்காரும்மா. இப்ப சரியாப் போகும்.”

வைரஸ் பார்ப்பதை நிறுத்தினேன். அடுத்து செய்ததை இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் செய்ததில்லை. பதிவையே நிறுத்தினேன். முப்பத்திரண்டு கேமராவின் படத்தையும் ஓயாமல் எழுதிக்கொண்டே, மிச்ச மூச்சில்தான் அந்தப் பெட்டி பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. எழுதுவது நின்றால் பழையது அழிவதும் நிற்கும், பிரதியும் பறக்கும். காலையில் பத்து மணிக்கே இது எனக்குத் தெரியும். சுவர்த் திரையில் முப்பத்திரண்டு கட்டமும் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

உடனே போன் அடித்தது.

“என்னாச்சு? இங்க எல்லாம் இருட்டா இருக்கு!” மேனேஜர் கத்தினார்.

“நான்தான் நிறுத்தினேன் சார்.”

“யாரக் கேட்டு நிறுத்தினீங்க? வேலை போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் வந்து கதவைத் தட்ட நாலைந்து நிமிடம் ஆகும். அலுவலகம் மறுகோடியில்.

இருபத்தேழு. பகல் இரண்டு பதினைந்திலிருந்து இரண்டு நாற்பத்தைந்து வரை. அந்த அரை மணி நேரத்தை மட்டும் பிடித்து அவள் டிஸ்க்குக்குள் விட்டேன். பச்சைக் கோடு ஒரே ஓட்டமாக ஓடி மறுகரையைத் தொட்டது.

“முடிஞ்சிடுச்சா?” நம்பாமல் கேட்டாள்.

“முடிஞ்சுது. தொறந்து பாத்துடணும். சில சமயம் ஃபைல் போயிருக்கும், ஓடாது.” தொழில் புத்தி என்னை விடவில்லை. அதற்கும் மேல் ஒன்று இருந்தது. நான் சொல்லி அவள் தெரிந்துகொள்வதைவிட, பார்த்துத் தெரிந்துகொள்வது எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். அதிலும் கோழைத்தனம்தான்.

பெல்ட் தெரிந்தது. நெட்டை பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அவள் மூச்சை இழுத்தது கேட்டது. உயிரோடு அவன் நடமாடுகிற படம் ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை போல. ஓரத்திலிருந்து ஒரு வழுக்கைத் தலை வந்தது. விரலை நீட்டி மேலே காட்டியது. நெட்டை சிரித்து என்னவோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும், சிலந்தியைப் பற்றித்தான். பதிவில் சத்தம் கிடையாது.

இந்தப் பதினைந்து நாளும் நான் ஒன்றை வைத்துத்தான் தூங்கினேன். பார்த்து ஏறு என்று அவனிடம் சொன்னேன், அவன் ஏறும்போது பக்கத்தில் நின்றேன், போன் வந்ததால்தான் நகர்ந்தேன் என்று. அப்படித்தான் நினைவில் இருந்தது. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பேன். படத்தில் அந்த வழுக்கைத் தலை விரலை நீட்டியது, திரும்பியது, போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. நெட்டை சட்டத்தில் காலை வைப்பதற்குள் அது படத்தை விட்டே போயிருந்தது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நெட்டை கைக்குட்டையை எடுத்து ஒருமுறை துடைத்தான். அதுவே போதும். ஆனால் அவன் கைக்குட்டையை மடித்து, சுத்தமான பக்கத்தை வெளியே எடுத்து, மறுபடி துடைக்க எட்டினான்.

“எதையும் ரெண்டு தடவை தொடைப்பாரு” என்றாள் அவள், தனக்குத்தானே.

அங்கே நிறுத்திவிட்டேன். மீதியை அவள் பார்க்க வேண்டாம்.

அவள் பின்னால் தள்ளி ஓட்டச் சொன்னாள். ஓட்டினேன். வழுக்கைத் தலை வந்ததும் விரலைத் திரையில் வைத்தாள்.

“இது யாரு?”

“நான்.”

அவள் என்னைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

“பதினஞ்சு நாளு” என்றாள். குரல் உயரவே இல்லை. “என் பொண்ணு பதினஞ்சு நாளா வீட்டுல உக்காந்திருக்கா. உங்களுக்கு வாய் இருந்துச்சே.”

“இருந்துச்சும்மா.”

“வயரையும் நீங்க தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

அதை அவள் கேட்டிருக்க வேண்டாம். “ஆமா” என்றேன்.

வெளியே மேனேஜரின் செருப்புச் சத்தம் வேகமாக நெருங்கியது. அவள் அதைக் கேட்டாள். நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள். டிஸ்க் இன்னும் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

“இன்னொரு காப்பி எடுங்க” என்றாள். “ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும். இன்னொண்ண நீங்க எடுத்துட்டுப் போய் அந்த அதிகாரிகிட்ட உங்க கையால குடுக்கணும். அதுல இருக்கறது யாருன்னு நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

காலையிலிருந்து வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்த அண்ணா இப்போது இல்லை. அதைக் கேட்டு வாங்கவும் எனக்கு வக்கில்லை.

கதவை வெளியிலிருந்து தட்டினார்கள். கைப்பிடி திரும்பியது, நாற்காலி முதுகில் முட்டி நின்றது. நான் இழுப்பறையைத் திறந்து என்னுடைய சொந்த டிஸ்க்கை எடுத்தேன். கேபிள்களில் தடியானதைத் தேடினேன். அடியிலேயேதான் கிடந்தது. நீலத் துளையில் செருகி, ஃபைலை இழுத்து விட்டேன்.

நாற்பது வினாடியில் முடிந்துவிட்டது.